ஊருக்குள்ளேயே டாக்டர்களை உருவாக்கிய ஐடா ஸ்கட்டர்: வேலூர் சி.எம்.சி வளர்ந்த கதை

காட்பாடி ரயில் நிலையத்தில் ஒருநாள் காலையில் இறங்கிப் பாருங்கள். பிளாட்ஃபாரத்தில் தமிழுக்கு இணையாக வங்காளமும் இந்தியும் கேட்கும். கையில் எக்ஸ்ரே கவர், பழைய ரிப்போர்ட் ஃபைல், கூடவே கவலையான முகத்தோடு ஒரு குடும்பம். எங்கே போகணும் என்று ஆட்டோக்காரர் பெரும்பாலும் கேட்கவே மாட்டார். அவருக்குத் தெரியும், சி.எம்.சி.

மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், ஆந்திரா, பக்கத்து நாடான வங்கதேசம் என எங்கெங்கிருந்தோ நோயாளிகள் வந்துசேரும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, 1900-ல் ஒரு சின்ன அறையில் தொடங்கியது. தொடங்கியவர் டாக்டர் ஐடா ஸ்கட்டர். மருத்துவமனைக்கு முன்னால் போகும் சாலைக்குக்கூட அவர் பெயர்தான்.

ஐடாவின் கதை நம்மில் பலருக்கும் பாதி தெரியும். ஒரே இரவில் மூன்று பெண்கள் இறந்தது, அதைப் பார்த்து மனம் மாறி அவர் டாக்டரானது. பள்ளிப் புத்தகத்திலோ வாட்ஸ்அப் ஃபார்வர்டிலோ எங்காவது படித்திருப்போம். ஆனால் கதை அங்கேயே நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகுதான் அவருடைய உண்மையான வேலை ஆரம்பித்தது. ஒரு டாக்டராக எத்தனை பேரைக் காப்பாற்றினார் என்பதைவிட, நர்ஸ்களையும் டாக்டர்களையும் எப்படி, யாரோடு சேர்ந்து உருவாக்கினார் என்பது இன்றைக்கும் நமக்குத் தேவைப்படும் விஷயம். அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

யார் இந்த ஐடா ஸ்கட்டர்?

ஐடா சோஃபியா ஸ்கட்டர் 1870 டிசம்பர் 9-ம் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தார். அமெரிக்கக் குடும்பம். அவருடைய தாத்தா டாக்டர் ஜான் ஸ்கட்டர், 1819-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் மருத்துவ மிஷனரியாக வேலை பார்த்தவர். பிறகு சென்னைக்கு வந்தார். அவருடைய மகன்களும் பேரப்பிள்ளைகளும் அடுத்தடுத்து இதே வேலைக்கு வந்தார்கள். ஐடாவின் அப்பாவும் டாக்டர்தான். வட ஆற்காடு பகுதியில் பணியாற்றினார்.

இப்படி ஒரு குடும்பத்தில் பிறந்தால் இந்தியா மேல் தானாகவே பாசம் வந்துவிடும் என்று நினைப்போம். ஐடாவுக்கு அப்படி இல்லை. அவருடைய சின்ன வயதில்தான் 1876-78 பெரும் பஞ்சம் வந்தது. சென்னை மாகாணம் முழுக்க மக்கள் பட்டினியால் செத்துக்கொண்டிருந்த காலம். எலும்பும் தோலுமாக வந்த குழந்தைகளை அவர் நேரில் பார்த்தார். பிறகு குடும்பம் அமெரிக்கா போனது. பெற்றோர் மறுபடி இந்தியாவுக்கு வந்தபோது, ஐடா அங்கேயே உறவினர் வீட்டிலும் பள்ளி விடுதியிலும் வளர்ந்தார். இந்தியா என்றால் அவருக்குப் பஞ்சமும் பிரிவும்தான். இனி அந்தப் பக்கமே போகக்கூடாது, அமெரிக்காவிலேயே கல்யாணம் செய்துகொண்டு வசதியாக வாழ வேண்டும் என்பதுதான் அவருடைய திட்டம்.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வந்ததால், 1890-ல் திண்டிவனத்துக்கு வந்தார். கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போய்விடலாம் என்ற எண்ணத்தோடுதான் வந்தார்.

அந்த இரவு நடந்தது என்ன?

இது ஐடா பிற்காலத்தில் பல மேடைகளில் திரும்பத் திரும்பச் சொன்ன சம்பவம். ஒரு இரவில், கொஞ்ச நேர இடைவெளியில், மூன்று ஆண்கள் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் வேறொரு சாதியைச் சேர்ந்த இந்து. மூன்று பேர் வீட்டிலும் மனைவி பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தார்.

தான் டாக்டர் இல்லை, அப்பாதான் டாக்டர், அவரை அனுப்புகிறேன் என்று மூன்று பேரிடமும் ஐடா சொன்னார். மூவருமே மறுத்துவிட்டார்கள். குடும்பத்துக்கு வெளியே இருக்கும் ஓர் ஆண் தங்கள் மனைவியைத் தொட்டு வைத்தியம் பார்ப்பதை அவர்களால் ஏற்க முடியவில்லை. மறுநாள் காலையில் விசாரித்தபோது, மூன்று பெண்களுமே இறந்துபோயிருந்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த ஊரில் டாக்டர் இருந்தார். மருந்து இருந்தது. கூப்பிடு தூரத்தில் வீடும் இருந்தது. ஆனாலும் பயனில்லை. அந்த மக்கள் நம்பி வீட்டுக்குள் விடக்கூடிய ஒருவர் இல்லை, அவ்வளவுதான். மருத்துவ வசதி இருப்பது வேறு, அது மக்களைப் போய்ச் சேர்வது வேறு என்ற பாடத்தை ஐடா படிப்பதற்கு முன்பே கற்றுக்கொண்டார்.

ஐடா அமெரிக்கா திரும்பி, பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களையும் சேர்க்கத் தொடங்கியதும் அங்கே மாறி, 1899-ல் பட்டம் பெற்றார். அந்தக் கல்லூரியில் படித்து வெளியே வந்த முதல் பெண்களில் அவரும் ஒருவர்.

ஒரு அறை, ஒரு டாக்டர்... போதுமா?

கிளம்புவதற்கு முன் மருத்துவமனை கட்டப் பணம் திரட்டச் சொன்னார்கள். நியூயார்க்கைச் சேர்ந்த ஷெல் என்ற வங்கியாளர், இறந்துபோன தன் மனைவி மேரி டேபர் ஷெல்லின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். அந்தப் பணத்தோடு, 1900-ன் தொடக்கத்தில் ஐடா வேலூர் வந்தார்.

அப்பாவிடம் கொஞ்ச காலம் கூடவே இருந்து தொழில் பழகலாம் என்று நினைத்திருந்தார். ஆனால் சில மாதங்களிலேயே அப்பா புற்றுநோயால் இறந்துவிட்டார். முப்பது வயதுகூட ஆகாத, அனுபவமில்லாத டாக்டர். அப்பா வாழ்ந்த பங்களாவிலேயே ஒரு சின்ன அறையை மருந்தகமாக்கி உட்கார்ந்தார்.

முதலில் யாரும் வரவில்லை. வந்தவர்களும் கடைசி நிமிடத்தில்தான் வந்தார்கள். வீட்டு வைத்தியம் பார்த்து, மருத்துவச்சி பார்த்து, எதுவும் கைகொடுக்காமல் உயிர் ஊசலாடும்போது ஐடாவைக் கூப்பிடுவார்கள். அந்த நேரத்தில் போய் அவரால் என்ன செய்ய முடியும்? நோயாளி இறந்துவிட்டால், வெள்ளைக்கார டாக்டர் வந்ததால்தான் இறந்துவிட்டார் என்று பேச்சு கிளம்பும். நம்பிக்கை ஊசி மருந்து மாதிரி உடனே வேலை செய்யும் பொருள் இல்லை. வீடு வீடாகப் போய்த்தான் சம்பாதிக்க வேண்டியிருந்தது.

1902-ல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறந்தது. இந்தக் கட்டடம் பின்னாளில் பல ஆண்டுகள் கண் மருத்துவமனையாக இயங்கியது. வேலூர்க்காரர்களுக்கு ஷெல் என்ற பெயர் இன்றும் பழக்கம்.

நம்பிக்கை வந்ததும் அடுத்த சிக்கல் வந்தது. கூட்டம். ஒரே டாக்டர் காலையில் புறநோயாளிகள், பிறகு அறுவை சிகிச்சை, ராத்திரியில் பிரசவம் என்று எத்தனை நாள் ஓட முடியும்? வெளிநாட்டிலிருந்து இன்னும் நாலு டாக்டரைக் கூட்டிவந்தாலும், அவர்களும் இந்த ஊருக்கு வெளியாட்கள்தான். ஐடா கண்ட வழி, ஆட்களை இந்த ஊரிலிருந்தே தயார் பண்ணுவது.

முதல் மாணவி யார்?

ஐடாவுக்கு முதலில் உதவியாக நின்றவர் சலோமி என்ற உள்ளூர்ப் பெண். நர்சிங் படிப்பு, சான்றிதழ் எதுவும் கிடையாது. பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து, கட்டுப் போடவும் கருவிகளைச் சுத்தம் பண்ணவும் அறுவை சிகிச்சையில் கைகொடுக்கவும் கற்றுக்கொண்டார்.

இது சின்ன விஷயமாகத் தெரியலாம். அன்றைய சூழலில் அப்படி இல்லை. ரத்தம், சீழ், பிரசவம் சம்பந்தப்பட்ட வேலை எல்லாம் தீட்டு என்று ஒதுக்கப்பட்ட காலம். நல்ல குடும்பத்துப் பெண் செய்யக்கூடாத வேலை என்றுதான் நர்சிங் வேலை பார்க்கப்பட்டது. அதைப் படிப்பாகவும் மரியாதையான தொழிலாகவும் மாற்ற வேண்டுமானால், அந்தப் பெண்களின் வீடுகள் சம்மதிக்க வேண்டும். பாடத்திட்டம் எழுதுவதைவிட அப்பா அம்மாவைச் சம்மதிக்க வைப்பது கஷ்டம்!

1909-ல் அமெரிக்க நர்ஸ் டெலியா ஹூட்டனுடன் சேர்ந்து நர்சிங் பள்ளியை ஐடா தொடங்கினார். அந்தப் பள்ளிதான் வளர்ந்து, 1946-ல் பி.எஸ்சி நர்சிங் பட்டம் தரும் கல்லூரியானது. இந்தியாவில் அந்தப் பட்டப்படிப்பு முதன்முதலில் தொடங்கிய இரண்டு ஊர்களில் வேலூர் ஒன்று, தில்லி இன்னொன்று.

ஐடா எந்த வரிசையில் போனார் என்று பாருங்கள். முதலில் பக்கத்தில் நின்ற உதவியாளர், அப்புறம் நர்ஸ்கள், அதற்குப் பிறகுதான் டாக்டர்கள். மருத்துவமனை என்பது டாக்டரும் அவருக்குக் கீழே நாலு பேரும் என்று அவர் நினைக்கவில்லை. எல்லோரையும் தயார் செய்தால்தான் டாக்டருக்கே வேலை ஓடும்.

குடியாத்தம் சாலையில் ஒரு வகுப்பறை

வேலூரிலிருந்து குடியாத்தம் சுமார் 35 கிலோமீட்டர். அங்கே ஒரு மருந்தகம் இருந்தது. வாரம் ஒருநாள் ஐடா அங்கே போய் வருவார். முதலில் மாட்டு வண்டி, பிறகு ஒரு சின்ன பிரெஞ்சு மோட்டார் கார். அந்தப் பக்கம் மோட்டார் காரையே பார்த்திராதவர்கள், முதல் தடவை அதைப் பார்த்துப் பயந்து ஓடினார்களாம்.

கொஞ்ச நாளில், ஓடியவர்களே சாலையோரத்தில் காத்திருக்க ஆரம்பித்தார்கள். எந்த நாளில் வண்டி வரும் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. மர நிழலில் நோயாளிகள் உட்கார்ந்திருப்பார்கள். வண்டி நிற்கும். கண்வலி, சிரங்கு, கட்டி, காய்ச்சல், பல்வலி என வரிசையாகப் பார்ப்பார்கள். கட்டியைக் கீறுவதும் பல்லைப் பிடுங்குவதும் அங்கேயே நடக்கும். பெரிய பிரச்சினை என்றால் வேலூருக்கு அனுப்புவார்கள். ஊரே ஒதுக்கிவைத்த தொழுநோயாளிகளும் இந்த மரத்தடிகளுக்கு வந்தார்கள்.

இன்றைய பாஷையில் இதை மொபைல் கிளினிக், அவுட்ரீச் என்று சொல்லிவிடுவோம். ஆனால் இதில் இன்னொரு பக்கம் இருக்கிறது. வண்டியில் ஐடாவோடு நர்சிங் மாணவிகள் போனார்கள். பிற்பாடு மருத்துவ மாணவிகளும் போனார்கள். வார்டில் படுக்கையில் இருக்கும் நோயாளியை மட்டும் பார்த்துப் படித்த மாணவிக்கும், அதே நோயாளி எந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறார், எத்தனை மைல் நடந்து வருகிறார், மருந்தை மூன்று வேளை சாப்பிட அவர் வீட்டில் மூன்று வேளைச் சோறு இருக்கிறதா என்று தெரிந்து படித்த மாணவிக்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

மாற்றம் மாணவிகளிடம் மட்டும் இல்லை. தங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி மருந்துப் பெட்டியோடு நிற்பதை அந்தக் கிராமங்கள் வாராவாரம் பார்த்தன. நம் வீட்டுப் பெண்ணும் இப்படிப் படிக்கலாமோ என்ற யோசனைக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடையாது.

பெண்கள் மருத்துவம் படிக்க வருவார்களா?

அடுத்து ஐடா கேட்டது பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இந்தியாவில் இது முதல் முயற்சி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பஞ்சாபின் லூதியானாவில் எடித் பிரவுன் 1894-லேயே பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கிவிட்டார். சென்னை மருத்துவக் கல்லூரி 1875-லிருந்தே பெண்களைச் சேர்த்தது. முத்துலட்சுமி ரெட்டி அங்கே படித்து 1912-ல் பட்டம் பெற்றிருந்தார். ஆனாலும் மாகாணத்தின் தேவையோடு ஒப்பிட்டால் பெண் டாக்டர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தார்கள்.

மாகாண மருத்துவத் துறையின் தலைமை அதிகாரிக்கு இதில் நம்பிக்கையே இல்லை. மூன்று பெண்கள் விண்ணப்பித்தாலே அதிகம் என்று நினைத்தாராம். ஆறு பேராவது கிடைத்தால் தொடங்கிக்கொள்ளுங்கள் என்று அனுமதி கொடுத்ததாகச் சொல்கிறார்கள். வந்த விண்ணப்பங்களோ இருந்த இடங்களைவிடப் பல மடங்கு. நிறைய பேரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது.

1918 ஆகஸ்ட் 12-ம் தேதி பள்ளி தொடங்கியது. சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு திறந்து வைத்தார். இருபது பேர்கூட இல்லாத வகுப்பு. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்ததால் ஆசிரியர்களுக்கும் கருவிகளுக்கும் தட்டுப்பாடு. நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே ஐடா பாடமும் எடுத்தார்.

முதல் ஆண்டுத் தேர்வு மாகாணம் முழுக்கப் பொதுவானது. ஆண்கள் படித்த மருத்துவப் பள்ளிகளில் ஒரு சிறு பகுதியினர்தான் தேறினார்கள். வேலூரிலிருந்து எழுதிய பெண்கள் அத்தனை பேரும் பாஸ்! 1922-ல் முதல் அணியாக 14 பேர் படிப்பை முடித்து வெளியே வந்தார்கள்.

அது என்ன எல்.எம்.பி?

இந்தப் பெண்கள் படித்தது எம்.பி.பி.எஸ் இல்லை, எல்.எம்.பி. அப்போது இந்தியாவில் இரண்டு வகை டாக்டர்கள் இருந்தார்கள். பல்கலைக்கழகக் கல்லூரியில் படித்து எம்.பி.பி.எஸ் போன்ற பட்டம் பெற்றவர்கள் ஒரு வகை. மருத்துவப் பள்ளியில் குறைந்த ஆண்டுகள் படித்து, தொழில் செய்ய உரிமம் பெற்றவர்கள் இன்னொரு வகை. எல்.எம்.பி இந்த இரண்டாவது வகை. செலவு குறைவு. சின்ன ஊர்களிலும் மிஷன் மருத்துவமனைகளிலும் வேலையை இழுத்துச் சென்றதில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பட்டதாரி டாக்டர்களுக்குக் கிடைத்த சம்பளமும் பதவியும் இவர்களுக்குக் கிடைக்கவில்லை.

பணம் எங்கிருந்து வந்தது?

ஒரு மிஷன் அமைப்பின் வருமானத்தை வைத்து மருத்துவப் பள்ளி நடத்த முடியாது என்பது ஐடாவுக்குத் தெளிவாகத் தெரியும். அதனால் தொடக்கத்திலேயே பல மிஷன் அமைப்புகளின் கூட்டு முயற்சியாகத்தான் இதைத் திட்டமிட்டார். பெண்கள் நடத்திய மிஷன் சங்கங்கள் இதில் முக்கியமானவை.

கணக்கு எளிமையானது. ஒவ்வொரு மிஷனுக்கும் ஆங்காங்கே மருத்துவமனைகள் இருந்தன. எல்லோருக்கும் பெண் டாக்டர்கள் தேவை. தனித்தனியாகக் கல்லூரி கட்ட யாராலும் முடியாது. அதனால் பணம் கொடு, ஆசிரியரை அனுப்பு, உங்கள் பகுதியிலிருந்து மாணவியை அனுப்பு, படித்து முடித்ததும் உங்களிடமே வருவார். யார் டாக்டர் கேட்கிறார்களோ அவர்களையே டாக்டரை உருவாக்கும் பொறுப்பிலும் பங்காளி ஆக்குகிற ஏற்பாடு இது.

1920-களின் தொடக்கத்தில், லூசி பீபாடி என்ற அமெரிக்கப் பெண் தலைமையில் பெரிய நிதி திரட்டல் நடந்தது. இந்தியா, சீனா, ஜப்பானில் இருந்த ஏழு பெண்கள் கல்லூரிகளுக்காக. சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியும் அந்தப் பட்டியலில் உண்டு. பெண்கள் 20 லட்சம் டாலர் திரட்டினால், ராக்ஃபெல்லர் குடும்பத்தின் நிதியிலிருந்து 10 லட்சம் தருவதாக ஏற்பாடு. சின்னச் சின்ன நன்கொடைகளாகச் சேர்த்து அந்த இலக்கைத் தொட்டார்கள். ஐடா ஊர் ஊராகப் போய்ப் பேசினார். தோட்டப்பாளையத்தில் இன்றைய மருத்துவமனை எழும்பியதும், 1932-ல் பாகாயத்தில் கல்லூரி வளாகம் வந்ததும் இப்படித்தான்.

1938: எல்லாமே நின்றுபோகும் நிலை

இங்கேதான் கதையின் கஷ்டமான பகுதி வருகிறது. ராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு மருத்துவப் படிப்பின் தரத்தை உயர்த்த முடிவு செய்தது. இனி எல்.எம்.பி கிடையாது, எல்லோரும் பல்கலைக்கழகத்தோடு இணைந்த எம்.பி.பி.எஸ் படிப்புதான் நடத்த வேண்டும்.

நோக்கத்தில் தப்பு சொல்ல முடியாது. ஏழைக்கு அரைகுறை டாக்டர், பணக்காரனுக்கு முழு டாக்டர் என்பது என்ன நியாயம்? ஆனால் சின்ன ஊர்களில் இருப்பவர்களுக்கு அந்த எல்.எம்.பி டாக்டரை விட்டால் வேறு ஆளே இல்லை. இந்த இழுபறி சீக்கிரம் தீரவில்லை. 1946-ல் போர் கமிட்டி நாடு முழுக்க ஒரே தரம்தான் வேண்டும் என்று பரிந்துரைத்தபோது, அதன் உறுப்பினர்கள் சிலரே மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தார்கள். குறைந்த கால மருத்துவப் படிப்பு வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் இன்றும் அவ்வப்போது தலைதூக்குகிறது அல்லவா? அதன் வேர் இங்கே இருக்கிறது.

வேலூருக்கு என்ன சிக்கல்? எம்.பி.பி.எஸ் நடத்த வேண்டும் என்றால் நிறைய படுக்கைகள், ஆய்வகங்கள், ஒவ்வொரு துறைக்கும் மேல்படிப்பு படித்த பேராசிரியர்கள் வேண்டும். இவை எதற்கும் கையில் காசில்லை. இல்லையென்றால் பள்ளியை மூட வேண்டும். ஐடாவுக்கு அப்போது 67 வயது. இருபது வருட உழைப்பு கண்ணெதிரே கரையும் நிலை. அவர் மறுபடி அமெரிக்காவுக்குக் கப்பலேறி, எழுபது வயதுக்கு மேல், உலகப் போர் நடுவே, ஊர் ஊராகப் போய்ப் பணம் கேட்டார்.

கூட்டு சேர்ந்ததற்குக் கொடுத்த விலை

இதே நேரத்தில், இந்தியாவில் இருந்த கிறிஸ்தவ மருத்துவ அமைப்புகள் வேறொரு கனவில் இருந்தன. ஆண்கள் பெண்கள் இருவரும் படிக்கும் அகில இந்தியக் கல்லூரி ஒன்று வேண்டும். இரண்டு கல்லூரிக்கு யாரிடமும் பணம் இல்லை. சேர்ந்து நடத்தினால் வேலூர் பிழைக்கும். ஆனால் அது பெண்களுக்கு மட்டுமான கல்லூரியாக இருக்காது.

இது லேசான முடிவு இல்லை. அந்தக் கல்லூரிக்காகப் பணம் கொடுத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஒரு பெண்கள் நிறுவனத்துக்காகத்தான் கொடுத்தார்கள். ஆண்களை உள்ளே விட்டால் பெண்களுக்கான இடங்களும் அதிகாரமும் குறையும் என்ற பயம் நியாயமானதுதான். இருபது ஆண்டுகள் ஐடாவுக்குத் தோள்கொடுத்த லூசி பீபாடி இதைக் கடுமையாக எதிர்த்தார். ஐடாவோ, பெண் டாக்டர்கள் வேண்டும் என்பதற்காகத்தான் வேலூர், அந்த வேலூரே இல்லாமல் போனால் என்ன பயன் என்ற பக்கம் வந்தார். பீபாடி விலகினார். நெடுநாள் நட்பு உடைந்தது.

பார்ட்னர்ஷிப் என்ற வார்த்தையை இன்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். நாலு லோகோவைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் கூட்டு முயற்சி ஆகிவிடுகிறது. உண்மையான கூட்டில் பிடிவாதமாக வைத்திருந்த ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். ஐடா விட்டுக்கொடுத்தது சின்னது இல்லை. தான் எந்த நோக்கத்துக்காகத் தொடங்கினாரோ, அதன் வடிவத்தையே மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டார்.

1942-ல் பெண்களுக்கான எம்.பி.பி.எஸ் தொடங்கியது. தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரேன் கல்லூரியின் முதல்வராக வந்து, பல்கலைக்கழகம் கேட்ட நிபந்தனைகளை நிறைவேற்றும் வேலையில் இறங்கினார். 1947-ல் ஆண் மாணவர்களும் சேர்ந்தார்கள். சுதந்திரத்தையொட்டி, விசாகப்பட்டினத்தில் பிறந்த டாக்டர் ஹில்டா லாசரஸ் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். நிறுவனத்தின் முதல் இந்தியத் தலைமை அவர்தான். 1946-லேயே ஐடா ஓய்வு பெற்றிருந்தார். தான் தொடங்கிய நிறுவனத்தை இன்னொருவர் நடத்துவதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டிய காலம் அது.

விமர்சனம் எதுவும் இல்லையா?

உண்டு. இது ஒரு மிஷன் மருத்துவமனை. மத நம்பிக்கையைப் பரப்புவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. அதை ஐடா மறைத்ததும் இல்லை. அதனாலேயே சந்தேகத்தோடு பார்த்தவர்கள் இருந்தார்கள். மாணவிகளில் பெரும்பாலோர் கிறிஸ்தவக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள்.

இன்னொரு கேள்வியும் கேட்கலாம். மரத்தடியில் காத்திருந்த கிராம மக்கள் நோயாளிகளாக இருந்தார்கள், மாணவிகளுக்குப் பாடமாகவும் இருந்தார்கள். ஆனால் முடிவெடுக்கும் மேசையில் அவர்களுக்கு நாற்காலி இருந்ததா? இல்லை. மிஷன் அமைப்புகளுக்குள் இருந்த கூட்டு, கிராமம் வரை அதே அளவில் இறங்கவில்லை. அந்தக் காலத்தில் எந்த மருத்துவமனையும் அப்படி யோசித்திருக்காது என்பது உண்மை. அதற்காகக் கேள்வி இல்லாமல் போய்விடாது.

அதற்கான முயற்சிகள் ஐடாவுக்குப் பிறகு வந்தன. கல்லூரியின் சமூக மருத்துவத் துறை பாகாயத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் தொடர்ந்து இயங்குகிறது. 1977-ல் கே.வி.குப்பம் வட்டாரத்தில் ருஷா என்ற திட்டம் தொடங்கியது. வைத்தியத்தோடு வேலைவாய்ப்பு, விவசாயம், உள்ளூர் மக்களுக்குப் பயிற்சி எல்லாம் சேர்ந்த திட்டம் அது. குடியாத்தம் சாலையில் ஐடாவின் வண்டி நின்று போன அதே பக்கம்தான் கே.வி.குப்பமும்.

இப்போது என்ன மிச்சம்?

ஐடா 1960 மே மாதம், 89 வயதில், கொடைக்கானலில் இறந்தார். டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் எழுதிய கடிதம்கூட அவரிடம் சரியாகப் போய்ச் சேர்ந்தது என்று ஒரு கதை உண்டு.

அவர் விட்டுப்போன இரண்டு பழக்கங்கள் இன்றும் தொடர்கின்றன. ஒன்று, முதலாம் ஆண்டிலேயே மருத்துவம், நர்சிங் உள்ளிட்ட பல படிப்புகளின் மாணவர்கள் சேர்ந்து ஒரு கிராமத்தில் தங்கி, வீடு வீடாகப் போய் மக்களின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்கிறார்கள். நாளைக்கு ஒரே வார்டில் டாக்டராகவும் நர்ஸாகவும் நிற்கப் போகிறவர்கள், முதலில் ஒரே தெருவில் சேர்ந்து நடக்கிறார்கள்.

இன்னொன்று, ஸ்பான்சர்ஷிப். திருச்சபை அமைப்புகள் தங்கள் பகுதியிலிருந்து மாணவரைப் பரிந்துரைக்கும். படித்து முடித்தவர், தன்னை அனுப்பிய அமைப்பின் தேவையுள்ள மருத்துவமனையில் இரண்டு ஆண்டு வேலை செய்ய வேண்டும். நீட் வந்த பிறகு இந்த முறை பெரிய சட்டச் சிக்கலில் மாட்டியது. 2017-ல் நூறு எம்.பி.பி.எஸ் இடங்கள் இருந்தும் ஒரே ஒரு மாணவரை மட்டும் சேர்த்தது கல்லூரி. சிறுபான்மை நிறுவனங்களுக்கும் நீட் பொருந்தும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யார் டாக்டராக வேண்டும் என்பதை மதிப்பெண் முடிவு செய்ய வேண்டுமா, அந்த டாக்டர் போய் வேலை செய்யப் போகும் ஊருக்கும் அதில் பங்கு வேண்டுமா? இரண்டு பக்கமும் வாதம் இருக்கிறது. 1938-ல் தரமா, தேவையா என்று எழுந்த கேள்வியின் இன்றைய வடிவம்தான் இது.

நமக்கு என்ன இதில்?

கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு டாக்டர்கள் போகத் தயங்குகிறார்கள் என்று ஒவ்வொரு வருடமும் செய்தி படிக்கிறோம். சம்பளத்தைக் கூட்டலாம், பாண்ட் போடலாம், மேல்படிப்பில் சலுகை கொடுக்கலாம் என்று தீர்வுகளும் வருகின்றன. எல்லாமே படித்து முடித்த டாக்டரைக் கிராமத்துக்கு அனுப்புவது எப்படி என்ற கேள்விக்கான பதில்கள்.

ஐடா கேள்வியையே மாற்றிப் போட்டார். டாக்டரும் நர்ஸும் படிக்கும்போதே அந்த ஊருக்குப் போகட்டும். அந்த ஊர்ப் பிள்ளைகளே படிக்க வரட்டும். யாருக்கு டாக்டர் தேவையோ அவர்களும் செலவிலும் பொறுப்பிலும் சேரட்டும். திண்டிவனத்தில் அந்த இரவு கதவைத் தட்டிய மூன்று பேருக்கும் தேவைப்பட்டது, தங்கள் வீட்டுக்குள் விடும் அளவுக்கு நம்பக்கூடிய ஒருவர். ஐடா தன் வாழ்நாளின் பெரும்பகுதியை அப்படிப்பட்டவர்களை உருவாக்குவதில் செலவழித்தார்.

அடுத்த முறை வேலூர் பக்கம் போனால், குடியாத்தம் சாலையில் ஒரு மரத்தடியைத் தாண்டும்போது நினைத்துப் பாருங்கள். நூறு வருடத்துக்கு முன் அங்கே ஒரு வகுப்பு நடந்திருக்கலாம்.